பிடிச்ச க்ரூவை விடாத ரெகார்டுகள்: ஜாஸ், ஹவுஸ், ரெக்கே, ஆம்பியன்ட்

வேப்பமரத்தடி (சத்துவாச்சாரி):
வணக்கம். ஜாஸ், ஹவுஸ் (கிளப் டான்ஸ் இசை), ரெக்கே (ஜமைக்கா இசை), ஆம்பியன்ட் (பின்னணியா மிதக்கிற இசை) நாலுலயும் பாஸும் டிரம்ஸும் ஒரே பிடியா (க்ரூவ்) சுத்திச் சுத்தி வர்ற எல்பி ஆறேழு சொல்லுங்க. சோலோவா வாசிச்சுத் தள்ளுற ரகம் வேண்டாம். இருக்கிறது அமெரிக்காவுல இருந்து வந்த பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்ல ஓடுது. அஞ்சு இன்ச் வூஃபர் ஸ்பீக்கர் ரெண்டு, எல்லாம் ஒரே டேபிள் மேல. ஹவுஸ் ரெகார்டு ஒண்ணு போட்டா தூங்கி வழியுது. ஹவுஸ்னாலே இப்படித்தானா?

கீழ்ஸ்தாயி (தோட்டப்பாளையம்):
ரெகார்டை விடுங்க, முதல்ல மிஷினைப் பாருங்க சார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும், ஃப்ரீக்வென்சியைத் தொடாது. அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50. பழைய ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் அந்த ஃப்ரீக்வென்சியைப் பிடிச்சுத்தான் சுத்தும். அதனால நிமிஷத்துக்கு 33⅓ சுத்த வேண்டியது 27.8 தான் சுத்தும். நிமிஷத்துக்கு 120 அடி போற ஹவுஸ் 100க்கு வந்துடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கும். தூங்காம என்ன செய்யும்?

பிளாட்டர் (ரெகார்டு உக்கார்ற தட்டு) ஓரத்துல துண்டு டேப் ஒட்டி, ரெகார்டு மேல ஊசி ஓடும்போதே மூணு நிமிஷம் எண்ணுங்க. 100 சுத்து வரணும். 83 வந்தா மேல சொன்னதுதான். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார்ல பெல்ட் மாட்டுற சின்னச் சக்கரம்) தேடணும், விட்டம் இப்ப இருக்கிறதைவிட சுமார் 1.2 மடங்கு. லேத் பட்டறையில கடைஞ்சும் வாங்கலாம். ஆனா நடுத்துளை மயிரிழை தள்ளிப்போச்சுன்னா நீட்டிப் பிடிக்கிற ஸ்வரமெல்லாம் நடுங்கும்.

அப்புறம், ஸ்பீக்கரை அந்த டேபிள்ல இருந்து இறக்குங்க. ரெக்கே பாஸ் பலகை வழியா ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும். டர்ன்டேபிளுக்கு அடியில ஒரு கடப்பா கல், நாலு மூலைக்கும் ரப்பர் துண்டு, போதும்.

அரை இடம்:
நான் ரெகார்டுக்கு வரேன். ரெக்கேல அகஸ்டஸ் பாப்லோவோட ‘கிங் டபி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’, 1976. ரெக்கேல ‘ஒன் டிராப்’னு சொல்றது என்னன்னா, நாலு எண்ணிக்கையில முதல் அடி காலி, கிக் (கால்ல அடிக்கிற பெரிய டிரம்) ரெண்டாவதுலயும் நாலாவதுலயும்தான் விழும். கிட்டார் ஒவ்வொரு அடிக்கும் அரை இடத்துல வெட்டும். டப்ல (ரெக்கே பாட்டைப் பிரிச்சு மறுபடி மிக்ஸ் பண்ற வகை) அந்தக் கிட்டாரையும் குரலையும் நடுவுல உருவிட்டு, ஒரு துணுக்கை மட்டும் எக்கோல விடுவாங்க. பாஸைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க, காலியான இடமெல்லாம் தானா நிரம்பும்.

ஹவுஸ்ல கிக் நாலு அடியிலயும் விழும், ஆனா ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) திறக்கிறது அதே அரை இடத்துலதான். ரெக்கே பழகின காதுக்கு ஹவுஸ் அந்நியமா இருக்காது. லாரி ஹெர்ட் மிஸ்டர் ஃபிங்கர்ஸ்ங்கிற பேர்ல போட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’, 1986, சிகாகோ. இதைக் கேட்டுட்டு மத்ததுக்குப் போங்க.

ஜாஸ்ல ஹெர்பி ஹான்காக்கோட ‘ஹெட் ஹன்டர்ஸ்’, 1973. ‘கமீலியன்’ ஆரம்பத்துல வர்றது பாஸ் கிட்டார் இல்ல, ஆர்ப் ஒடிசி சின்தசைசர். பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடும், சோலோவும் உண்டு, ஆனா அடியில இருக்கிற பிடி தளராது. மைல்ஸ் டேவிஸோட ‘ஆன் த கார்னர்’ 1972, பாதல் ராய் தபலா வாசிச்சது. முதல் தடவை குப்பைன்னு தோணும், மூணு தடவை போடுங்க.

மலையடிவாரம் (பாகாயம்):
ஆம்பியன்ட்னா எல்லாரும் பிரையன் ஈனோவோட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’தான் சொல்வாங்க. அதுல அடியே கிடையாது, நீங்க கேட்டது அது இல்ல. காஸ்ங்கிற பேர்ல ஒரு ஜெர்மன்காரர் போட்ட ‘கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட்’, 1998: பக்கத்து வீட்டுச் சுவர் வழியா கேக்குற மாதிரி கிக் ஓடிக்கிட்டே இருக்கும். அஞ்சு இன்ச் வூஃபர்ல அது பாதி காணாமப் போகும். ஸ்பீக்கரைச் சுவத்துக்குப் பக்கத்துல, ஒரு ஜாண் இடைவெளியில வச்சா கொஞ்சம் தேறும்.

அடுத்து மானுவல் கோட்சிங்கோட ‘ஈ2-ஈ4’. 1981ல பதிவானது, 1984ல வந்தது, ஒரு மணி நேரத்துக்கு ஒரே துண்டு. பாதிவரைக்கும் கிட்டாரே வராது. ஹவுஸுக்கும் ஆம்பியன்ட்டுக்கும் நடுவுல பாலம் இதுதான். எல்பில பக்கம் திருப்பும்போது பிடி அறுந்துடும், அதனால இதை மட்டும் சிடியா வாங்குங்க. நம்ம நாட்டுச் சரக்கு: சரண்ஜித் சிங் 1982ல ராகங்களை டிரம் மெஷின்ல ஓட்டின ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. ஆசிட் ஹவுஸ்ங்கிற பேர் வர்றதுக்கு முன்னாடியே அந்த வகைக்கு அடையாளமான 303ங்கிற பாஸ் சின்தசைசர் சத்தம் அதுல இருக்கு.

கத்திரி வெயில்ல எல்பியை மேற்குச் சுவரோரமும் சிமென்ட் ஷீட் ரூம்லயும் வைக்காதீங்க. நிமிர்த்தி, சாயாம அடுக்குங்க. படுக்கவச்சு அடுக்கினா அடியில இருக்கிறது நெளியும்.

வேப்பமரத்தடி:
எண்ணினேன். 83. புல்லி வர்றவரைக்கும் 45 ஸ்விட்ச்ல போட்டா?

கீழ்ஸ்தாயி:
உங்க மிஷின்ல 45ன்னா 37.5. 120 அடி 135 ஆகும், குரலெல்லாம் எலி மாதிரி கீச்சிடும். அதுவரைக்கும் அந்த ஈனோவைப் போடுங்க சார், 27.8ல ஓடினாலும் கண்டுபிடிக்க ஆள் வேணும்.