லோட்டஸ் 49: வீட்ல தனியா ஓடுது, லீக் சர்வர்ல சுத்துது. ஞாயிறு ரேஸ், உதவி தேவை

பிறைக்காரன் (செவ்வாய், இரவு 11.48)

வணக்கம் அண்ணன்மாரே. வர்ற ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு எங்க லீக்கோட மூணாவது ரேஸ். அசெட்டோ கோர்சாங்கிற கம்ப்யூட்டர் கார் ரேஸ் கேம், இத்தாலியோட மொன்சா 1966 ரோடு சர்க்யூட், எல்லாருக்கும் லோட்டஸ் 49ங்கிற பழைய ஃபார்முலா ஒன் காடி, 20 சுற்று. இதுவரைக்கும் இந்தக் காலத்து ஜிடி3 ரேஸ் காடிதான் ஓட்டியிருக்கேன். சக்கரம் பூட்டாம, வழுக்காம பாத்துக்கிற ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லாத காடி இதான் முதல் தடவை.

வீட்ல தனியா ஓட்டினா அஞ்சு சுற்று சுத்தாம போறேன், டைம் 1:31க்குள்ள. இன்னிக்கு லீக் பிராக்டிஸ் சர்வர்ல ஏறினேன். மூணு சுற்றுக்குள்ள நாலு தடவை சுத்திட்டேன், எல்லாம் பரபோலிகாவுல, அதான் மொன்சாவோட கடைசி வளைவு. பிரேக் போட்டு கியர் இறக்கும்போதே பின்பக்கம் முன்னாடி வந்துடுது. அதுக்கப்புறம் மெயின் ஸ்ட்ரெயிட்ல எஞ்சின் புகை விட்டு நின்னுடுச்சு. சேட்ல எல்லாரும் ஒரே சிரிப்பு.

சாமான்: செகண்ட் ஹேண்ட் ஸ்டியரிங், மூணு பெடல், தனி எச்-கியர் லீவர். பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒருத்தர்கிட்ட 650 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினது. சாப்பாட்டு மேசையில மாட்டி வச்சிருக்கேன். காடியோட பிரேக், டயர் அளவெல்லாம் சரி பண்ணி வச்ச நல்ல செட்டப் ஃபைல் யார்கிட்டயாவது இருந்தா குடுங்க.

கிள்ளான்_டர்போ (செவ்வாய், இரவு 11.55)

இன்டர்நெட் லைன் பிரச்சனை தம்பி. வைஃபையை விட்டுட்டு கேபிள் போடு.

பிறைக்காரன் (புதன், காலை 12.03)

கேபிள்தான் அண்ணே. சர்வர் சிங்கப்பூர்ல, பிங் (சர்வருக்குப் போய் வர்ற நேரம்) 20 மில்லி விநாடிக்குள்ளதான் இருக்கு.

செந்தூல்_அஞ்சாம்கியர் (புதன், காலை 12.20)

பிங் இல்ல டர்போ. இந்த கேம்ல உன் காடியோட கணக்கெல்லாம் உன் கம்ப்யூட்டர்லயே நடக்குது. லைன் மோசமா இருந்தா அடுத்தவன் காடி துள்ளும், சில நேரம் காணாம போகும். உன் காடி சுத்துறதுக்கு லைன் காரணமில்ல.

தம்பி, செட்டப் ஃபைலைத் தூக்கிப் போடு. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. வீட்ல ஓட்டும்போது ஆட்டோ கிளட்ச் போட்டிருக்கியா? டயரை முன்கூட்டியே சூடாக்குற டயர் பிளாங்கெட்? காடிக்கு அடிபடுற டேமேஜ் எத்தனை சதவீதம்? டேங்க்ல எத்தனை லிட்டர்?

பிறைக்காரன் (புதன், காலை 12.31)

ஆட்டோ கிளட்ச் ஆன். பிளாங்கெட் ஆன். டேமேஜ் 0. பெட்ரோல் 15 லிட்டர்.

லீக் சர்வரோட விவரப் பக்கத்தை இப்பத்தான் பாக்கிறேன். ஆட்டோ கிளட்ச் அனுமதி இல்ல, பிளாங்கெட் இல்ல, டேமேஜ் 100. ஆமா அண்ணே, இதையெல்லாம் நான் படிக்கவே இல்ல.

செந்தூல்_அஞ்சாம்கியர் (புதன், காலை 12.58)

அப்போ நீ ரெண்டு வேற காடி ஓட்டியிருக்கே.

வீட்ல நீ லீவரை மட்டும் இழுத்தே, கிளட்சை கேம் பாத்துக்கிச்சு. சர்வர்ல அதை உன் இடது கால் செய்யணும். பரபோலிகாவுக்கு அஞ்சுல வர்றே, கிளட்ச் மிதிச்சு மூணுக்கு இறக்குறே, கிளட்சை விடுறே. அந்த நொடியில எஞ்சின் கீழ தூங்கிட்டு இருக்கு, பின் சக்கரம் மேல ஓடிட்டு இருக்கு. தூங்குற எஞ்சினைச் சக்கரம்தான் இழுத்து எழுப்பணும். கார்னர் வாசல்ல யாரோ ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரி ஆயிடும். அதான் பின்பக்கம் முன்னாடி வருது.

வலது பாதத்தோட முன்பகுதி பிரேக்குல இருக்கட்டும். அதை விடாம, பாதத்தோட ஓரத்தைச் சாய்ச்சு எண்ணெய் பெடலை (ஆக்சிலேட்டர்) ஒரு தட்டு தட்டு. எஞ்சின் சுத்துற வேகம் (ஆர்.பி.எம்.) ஏறின பிறகு கிளட்சை விடு. அஞ்சுலேர்ந்து மூணுக்கு ஒரேயடியா தாவாதே, நாலு வழியா போ. பிரேக் பயாஸையும் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் பிரியுற அளவு) ரெண்டு மூணு கிளிக் முன்னாடி தள்ளு. முன் சக்கரம் முதல்ல பூட்டிக்கிட்டா காடி நேரா புல்லுக்குப் போகும், சுத்தாது. புல்லுல இருந்து திரும்பி வந்துடலாம்.

டயர் பிளாங்கெட் இல்லாததால முதல் ரெண்டு சுற்று டயர் குளிர்ந்திருக்கும். வீட்ல ஓட்டுற பிரேக் இடத்தை அப்ப நம்பாதே.

பத்துதீகா_மாமா (புதன், காலை 7.15)

தம்பி, செந்தூல்காரர் சொன்னது அப்படியே சரி. நான் தோட்டத்துல பாமாயில் லோரி ஓட்டிய ஆள். அந்தப் பழைய கியர்பாக்ஸ்ல கிளட்சை ரெண்டு முறை மிதிச்சு, நடுவுல எண்ணெய் கொடுத்தால்தான் கீழ் கியர் உள்ளே போகும். இல்லாட்டி பல்லு கத்துற சத்தம் தோட்டம் முழுக்கக் கேக்கும், கங்காணியே திரும்பிப் பாப்பார். காதை வச்சுத்தான் கத்துக்கிட்டோம். நீயும் திரையைப் பாக்காம எஞ்சின் சத்தத்தைக் கேளு. ஹெட்ஃபோன் போடு.

பேருக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்றேன். 1968ல ஷா ஆலம் பக்கம் பத்து தீகா ரேஸ் சர்க்யூட் திறந்தாங்க. சின்னப் பையனா அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு போயிருக்கேன். 2003ல மூடிட்டாங்க.  சரி, உன் விஷயத்துக்கு வர்றேன். எஞ்சின் எந்த இடத்துல, எந்த கியர் மாத்தும்போது போச்சு? அதை நீ சொல்லலையே.

பிறைக்காரன் (புதன், மாலை 6.40)

ரீப்ளே பாத்தேன் மாமா. மெயின் ஸ்ட்ரெயிட், நாலுலேர்ந்து அஞ்சுக்குப் போகும்போது. ரீப்ளேல கியர் 3னு காட்டுது! ஆர்.பி.எம். முள் எங்கயோ போயிடுச்சு. நான் சத்தியமா அஞ்சுக்குத்தான் தள்ளினேன்.

செந்தூல்_அஞ்சாம்கியர் (புதன், மாலை 6.52)

லீவர் மேசையில ஆடுது. நாலு கீழே, மூணு அதுக்கு நேர் மேலே, அஞ்சு வலது மேலே. மேசை ஆடினா வலதுக்குப் போகாம நேரா மேலேதான் போகும். அந்த வேகத்துல மூணு விழுந்தா எஞ்சின் தாங்காத அளவுக்குச் சுத்திப் போயிடும். ஹார்ட்வேர் கடையில ஒரு பிளைவுட் துண்டு வாங்கி போல்ட் போட்டு இறுக்கு.

பத்துதீகா_மாமா (புதன், இரவு 8.05)

மேசையும் ஆடும்தான். ஆனா தம்பி, நீ நிஜத்துல என்ன காடி ஓட்டுறே?

பிறைக்காரன் (புதன், இரவு 8.11)

மைவி மாமா, மேனுவல்.

பத்துதீகா_மாமா (புதன், இரவு 8.30)

அங்கதான் இருக்கு விஷயம். நம்ம ஊர் காடியில நாம வலது பக்கம் உக்காருவோம், கியர் இடது கையில. அஞ்சுக்குப் போகணும்னா லீவரை நம்ம உடம்புப் பக்கம் இழுத்து மேல தள்ளுவோம். லோட்டஸ் 49ல லீவர் ஓட்டுநருக்கு வலது பக்கம். நீயும் அப்படியே வலது கையில வச்சிருக்கே, இல்லையா? அந்தப் பக்கம் அஞ்சு உடம்பை விட்டு விலகித் தள்ளுற கியர். உன் கைக்கு மைவி பழக்கம். அவசரத்துல அது உன் பக்கம் இழுக்குது. அப்புறம் மூணுல விழாம எங்க விழும்?

வீட்லயும் இது நடந்திருக்கும். டேமேஜ் 0 வச்சிருந்ததால ஒரு குலுக்கல்னு நினைச்சு போயிருப்பே.

பிறைக்காரன் (புதன், இரவு 8.34)

ஐயோ மாமா. நடந்திருக்கு! நிறைய தடவை! டிராக் மேடுன்னு நினைச்சேன்.

கிள்ளான்_டர்போ (புதன், இரவு 9.02)

அப்போ லீவரை இடது பக்கம் மாத்தி வச்சிடு. கேமுக்கு எந்தக் கைன்னு தெரியாது.

செந்தூல்_அஞ்சாம்கியர் (புதன், இரவு 9.20)

மாத்தலாம், தப்பில்ல. ஆனா நான் மாத்த மாட்டேன். அந்தக் கால ஃபார்முலா ஒன் வீரர் ஜிம் கிளார்க் வலது கையில ஓட்டின காடியை மைவி மாதிரி ஓட்டினா எனக்குத் தூக்கம் வராது. உள்ளங்கையை வெளிப்பக்கம் பாக்க வச்சு, விரலை மடக்காம லீவரைத் தள்ளிப் பழகு. நாலு-அஞ்சு, நாலு-அஞ்சு, காடியை நிறுத்தி வச்சே நூறு தடவை செய். அக்கம்பக்கத்துல பைத்தியம்னு நினைச்சா நினைக்கட்டும்.

பெட்ரோலுக்கு வர்றேன், அதை விட்டுட்டோம். 15 லிட்டர்ல எடுத்த 1:31 ரேஸுக்கு உதவாது. டேமேஜ், கிளட்ச், பிளாங்கெட் எல்லாம் சர்வர் மாதிரி வச்சுட்டு அஞ்சு சுற்று ஓட்டி எவ்வளவு குடிக்குதுன்னு பாரு.

பிறைக்காரன் (வியாழன், இரவு 10.45)

13.5 லிட்டர் அண்ணே. சுற்றுக்கு 2.7.

செந்தூல்_அஞ்சாம்கியர் (வியாழன், இரவு 11.10)

20 சுற்றுக்கு 54. மேல ஒரு சுற்றுக்கு உள்ளது, கூட ஒரு லிட்டர், ஆக 58 போடு. 58 லிட்டர்னா 43 கிலோ கிட்ட வரும். காடியே சுமார் 500 கிலோதான். ஆரம்பத்துல பிரேக் தூரம் நீளும், கடைசியில குறையும். இதைப் பழகாம ஞாயிறு வராதே. கஞ்சத்தனமும் பண்ணாதே. 1967ல இதே மொன்சாவுல, இதே லோட்டஸ் 49ல, ஜிம் கிளார்க் டயர் பங்க்சராகி முழு ஒரு சுற்று பின்தங்கினார். அதையும் பிடிச்சு திரும்ப முதலிடத்துக்கு வந்தார். கடைசிச் சுற்றுல பெட்ரோல் எஞ்சினுக்குப் போகாம மூணாவதா முடிச்சார். ஜெயிச்சது ஹோண்டாவுல சர்டீஸ், பிராபமை விட 0.2 விநாடி முன்னாடி. கிளார்க்குக்கே அந்த கதி.

இன்னொண்ணு: இந்த டிராக்ல சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கிற குறுகிய வளைவு) கிடையாது, அது 1972லதான் வந்துச்சு. அதனால கூட்டமா ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போவாங்க. முன்னாடி காடியோட நிழல்ல காத்து குறையும், வேகம் கூடும். தனியா வர்றதை விட வேகமா பரபோலிகாவுக்கு வருவே. வழக்கமான இடத்துல பிரேக் போட்டா முன்னாடி இருக்கிறவன் முதுகுலதான் போய் நிப்பே. சனிக்கிழமை ராத்திரி வா, நான் முன்னாடி ஓட்டுறேன், நீ பின்னாடி வந்து பழகு.

பிறைக்காரன் (திங்கள், காலை 12.25)

ரேஸ் முடிஞ்சுது. 14 பேர்ல 9ஆவது. ஒரு தடவைகூட சுத்தல! லீவரைப் பிளைவுட்ல இறுக்கி, வலது பக்கமே வச்சுட்டேன். 17ஆவது சுற்றுல பழைய புத்தி வந்து மூணுப் பக்கம் போச்சு, ஆனா உள்ளே விழுறதுக்கு முன்னாடி கை நின்னுடுச்சு. அதுல ரெண்டு பேர் தாண்டிட்டாங்க. டேங்க்ல 2.9 லிட்டர் மிச்சம்.

சனிக்கிழமை வேலைக்கு மைவி எடுத்துட்டுப் போனப்ப பிறை பாலத்துக்கிட்ட அஞ்சுக்குப் பதிலா வெளிப்பக்கம் தள்ளிட்டேன் மாமா. இதுக்கு என்ன வழி?

பத்துதீகா_மாமா (திங்கள், காலை 7.02)

பஸ்ல போ.