பிரேமுக்குப் பின்னால் ஒட்டும் டேப்: என் கடையில் பார்த்தது

நெல்லை டவுனில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். முன்பக்க மோல்டிங்கை ஒன்றுக்கு நான்காகப் புரட்டிப் பார்க்கிறவர்கள்கூட, பின்பக்கம் என்ன டேப் என்று கேட்பதில்லை. நானும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. பார்சல் ஒட்டுகிற பளபளப்பான பிரவுன் டேப்பைத்தான் இழுத்து ஒட்டிவந்தேன். வேலை சீக்கிரம் முடியும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு ஆச்சி தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. ஆனால் சுவர் ஓதம் காத்துக் கிடந்திருக்கிறது.

“யய்யா, அவுக மொகம் இருக்கது இந்த ஒண்ணுலதான்.”

திருப்பிப் பார்த்தால் நான் ஒட்டிய டேப். மூன்று பக்கமும் கிளம்பிச் சுருண்டிருந்தது. உள்ளே தூசி, ராமபாணப் பூச்சி அரித்த தடம். படமோ கண்ணாடியைப் பிடித்திருந்தது. நடுவில் மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டை வைத்து இடைவெளி விடாததும் என் தவறுதான். ஈரம் பட்டால் போட்டோவின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். உரிக்க எனக்குத் துணிவில்லை. கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துப் புதுப் பிரதி போட்டேன். நல்லவேளை, முகம் தப்பியிருந்தது.

அதற்கப்புறம் மர பிரேமுக்குத் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்தான். பிளாஸ்டிக் டேப்பின் பசை மேலாக உட்காரும். கொஞ்சம் மரத்தூள் இருந்தாலே பிடிக்காது, சித்திரை வெக்கையிலும் விட்டுவிடும். காகித டேப்பின் பசை நனைந்து மர நாருக்குள் இறங்கிக் காயும். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டுத் தடவ வேண்டும். சொதசொதவென்று நனைத்தால் பசையே கழுவிப் போகும். பிரேம் ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு (எட்டில் ஒரு அங்குலம்) உள்ளே தள்ளி ஒட்டினால் பக்கவாட்டில் தெரியாது. ஒரு குறை உண்டு. அதிலிருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச் பசை, ஓதம் இருந்தால் பூச்சிக்கு அதுவும் தீனி. அதனால் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பட்டன் ஒட்டி, பிரேமைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துகிறேன். பின்னால் காற்று ஓட வேண்டும்.

மாஸ்கிங் டேப் வேண்டவே வேண்டாம், அது பெயிண்ட் அடித்து முடித்ததும் உரித்துப் போடுவதற்கு. செல்லோ டேப் மஞ்சளாகும், பசை கசியும், படத்தில் பட்டால் கறை போகாது. டேப் ஒட்டினால் ஆணி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பின்பலகையைத் தாங்குவது ஆணி. டேப்பின் வேலை தூசியும் பூச்சியும் நுழையும் இடுக்கை மூடுவது மட்டும்தான்.

ஆச்சி புது பிரேமை வாங்கித் திருப்பி, காகித டேப்பை விரலால் நீவிப் பார்த்தார்கள்.

“இதுல தண்ணி ஏறாதுல்லா யய்யா?”

“முங்கிட்டா எந்த டேப்பும் தாங்காது ஆச்சி. தெக்குச் சுவத்துல மாட்டாதீங்க, அங்கதான ஓதம்” என்றேன்.