கனடாவில் 'ஃபெட்டா' என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஸ்காபரோவாசி

சென்ற வாரம் இங்குள்ள மளிகைக் கடையொன்றின் குளிர்பெட்டியில் இரண்டு பாலாடைக்கட்டிப் பொதிகளை அருகருகே கண்டேன். ஒன்று கிரேக்கத்திலிருந்து வந்தது. செம்மறியாட்டுப் பாலும் வெள்ளாட்டுப் பாலும் சேர்த்துச் செய்யப்பட்டது. மற்றது கனடாவிலேயே பசும்பாலில் செய்யப்பட்டது. விலை ஏறத்தாழப் பாதி. இரண்டின் மேலும் 'ஃபெட்டா' என்றே எழுதியிருந்தது. கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வர்த்தக உடன்படிக்கை 2017 செப்டம்பர் 21 முதல் தற்காலிகமாக நடைமுறையில் இருக்கிறது என்பதும், குறிப்பிட்ட இடத்துப் பொருளுக்கே உரியவை என்று அதில் பாதுகாக்கப்பட்ட பெயர்களுள் ஃபெட்டாவும் ஒன்று என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருக்க, பசும்பால் கட்டி அதே பெயரில் எப்படி விற்கப்படுகிறது? இது சட்டமீறலா, அல்லது உடன்படிக்கையே இதற்கு இடம் கொடுக்கிறதா?

பதில்: நெய்தல்

சட்டமீறல் இல்லை. உடன்படிக்கையே இடம் கொடுத்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் அதில் 143 உணவுப் பெயர்களைச் சேர்த்தது. அவற்றுள் அசியாகோ, ஃபெட்டா, ஃபொன்டினா, கொர்கொன்சோலா, மன்ஸ்டர் ஆகிய ஐந்து பாலாடைக்கட்டிகளுக்குத் தனி விதி உண்டு. 2013 அக்டோபர் 18க்கு முன்பே அந்தப் பெயரைக் கனடாவில் வணிகத்தில் பயன்படுத்தியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். அதற்குப் பின் வந்தவர்கள் 'வகை', 'பாணி', 'போன்றது' என்பனவற்றுள் ஒரு சொல்லைச் சேர்த்து, பொருள் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக அச்சிட்டு விற்கலாம். அன்றைய கனேடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோவும் பிரஸ்ஸல்ஸில் கொள்கையளவிலான உடன்பாட்டை அறிவித்த நாள்தான் அந்த அக்டோபர் 18. தாங்கள் கண்ட பொதி பழைய பயனாளர் ஒருவருடையதாக இருக்கலாம்.

இந்தச் சமரசம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். அதன் 23ஆம் பிரிவு ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் உயர்ந்த காப்பைத் தருகிறது. உண்மையான பிறப்பிடத்தை அச்சிட்டாலும், 'வகை', 'பாணி' என்று சேர்த்தாலும் பெயரைப் பயன்படுத்த முடியாது. பாலாடைக்கட்டி 22ஆம் பிரிவின் கீழ்தான் வருகிறது; அங்கே மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று காட்ட வேண்டும். இந்த இடைவெளியைத்தான் ஐரோப்பா ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியாகப் பேசி அடைக்க முயல்கிறது. அப்படிப் பேசும்போது பெயரும் சந்தையும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. ஐரோப்பியப் பாலாடைக்கட்டி ஆண்டுக்கு 17,700 டன் வரை கூடுதலாகத் தீர்வையின்றி உள்ளே வரக் கனடா படிப்படியாக வழிவிட்டது. உள்ளூர்ப் பால் பண்ணைகளை அத்தனை கவனமாகக் காக்கும் ஒரு நாட்டுக்கு அது சிறிய விட்டுக்கொடுப்பு அன்று. ஃபெட்டா பாதிக் காப்போடு நின்றதையும் இதன் அருகில் வைத்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முழு வெற்றி கிடைக்காவிட்டாலும் சிறு வெற்றிகள் இருந்தன. ஒரு கனேடிய நிறுவனம் 'பார்மா' என்பதைத் தன் வணிகச்சின்னமாகப் பதிந்து வைத்திருந்ததால், இத்தாலியின் பார்மாவில் பதப்படுத்தப்பட்ட பன்றித்தொடை இறைச்சி கனடாவில் தன் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் 'அசல் புரோஷூட்டோ' என்ற பொருள்படும் வேறு பெயரில் விற்கப்பட்டு வந்தது. உடன்படிக்கைக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக விற்பனையில் இருக்க முடிகிறது.

பதில்: மலைச்சாரல்

நெய்தலின் விளக்கம் சரியானது. ஆனால் 'பாதிக் காப்பு' என்று எளிதாகச் சொல்லிக் கடக்க என் மனம் ஒப்பவில்லை. கிரேக்கம் இந்தப் பெயருக்காக ஐரோப்பாவுக்குள்ளேயே எவ்வளவு போராடியது என்று பாருங்கள். 1996இல் கிடைத்த பதிவை டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1999இல் ரத்து செய்தது. 2002இல் மீண்டும் பதிவானது; மீண்டும் வழக்கு; 2005 அக்டோபரில்தான் பெயர் உறுதியானது. பிற நாடுகளில் செய்த கட்டிகளும் கிரேக்கத்தை நினைவூட்டும் படங்களோடு விற்கப்பட்டன என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. எதிர்த்தவர்கள் சொன்னதுபோல் அது யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பெயராகிவிட்டது என்றால் கிரேக்கப் படம் எதற்கு? விதிப்படி குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பால் வேண்டும். மீதி வெள்ளாட்டுப் பால். பசும்பாலுக்கு இடமே இல்லை. கரடுமுரடான மலைகளில் மேய்ந்த ஆடுகளின் பாலைக் கட்டியாக்கி உப்புநீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தும் மேய்ப்பர்களுக்கு அந்தப் பெயரே சொத்து.

பெயர் ஒரு நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சைப்ரஸும் சான்று. அந்நாட்டின் பாலாடைக்கட்டியான ஹலூமி அந்த 143 பெயர்களில் இல்லை என்ற மனக்குறை பெரிதாக எழுந்த சூழலில், அதன் நாடாளுமன்றம் 2020 ஜூலை 31 அன்று இதே உடன்படிக்கையை நிராகரித்தது.

பதில்: பால்வண்ணன்

மேய்ப்பர்கள்மீது எனக்கும் மதிப்பு உண்டு. எனினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலேயே 2002இல் மீண்டும் பதிவாகி 2005இல்தான் நிலைபெற்ற ஒரு பெயரை, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதே பெயரில் நேர்மையாகச் செய்துவந்த கனேடியப் பண்ணைகளிடமிருந்து ஒரே நாளில் பறிப்பது நியாயம் ஆகாது. 'ஃபெட்டா' என்பது ஓர் ஊரின் பெயரும் அன்று. இத்தாலிய மொழியிலிருந்து வந்த, 'துண்டு' என்று பொருள்படும் சொல்.

மேலும் ஐரோப்பாவின் கையும் முழுக்கத் தூய்மையாக இருக்கவில்லை. டென்மார்க் நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு வெளியே 'ஃபெட்டா' என்ற பெயரிலேயே ஏற்றுமதி செய்துவந்தன. அதை டென்மார்க் அரசு தடுக்கத் தவறியது தவறு என்று 2022 ஜூலை 14 அன்றுதான் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் கனடாவிடம் பெயர்க்காப்புக் கேட்டபோது ஒன்றியத்தின் உறுப்பு நாடொன்றே அந்தப் பெயரை வெளிநாடுகளில் தளர்வாகக் கையாண்டுகொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஸ்காபரோவாசி:

மூவருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். இலங்கைக் கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடாக, அதாவது ஓர் இடத்துக்கே உரிய பொருளின் பெயராகப் பதியப்பட்டது; இலங்கையிலிருந்து அங்கே பதிவான முதல் பெயர் அதுதான். எனக்கு அது பெருமை. அந்தப் பதிவு இங்கே கனடாவிலும் செல்லுமா?

நெய்தல்:

தானாகச் செல்லாது. ஐரோப்பியப் பதிவு ஒன்றியத்துக்குள் மட்டுமே பிணிக்கும். கனடாவில் வேண்டுமென்றால் கனேடியச் சட்டத்தின்படி தனியாகக் கோர வேண்டும், அல்லது அரசுகள் பேசி உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும். வட அமெரிக்கக் கடைகளில் 'சின்னமன்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி கறுவாவை ஒத்த வேறொரு மரத்தின் பட்டையான கேசியா என்பதால், அந்தப் பேச்சு ஃபெட்டாவைவிடவும் கடினமாகவே இருக்கும். இப்போதைக்குப் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இலங்கைக் கறுவா மெல்லிய பல சுருள்கள் அடுக்கியதுபோல் இருக்கும், கேசியா தடித்த ஒற்றைச் சுருளாக இருக்கும்.