புதுப்பிப்பு: ஏ.டி.எச்.டி. உள்ள மகனும் மதுரைக் கல்யாணமும்

போன மாதம் கேட்டிருந்தேன்: மதுரையில் சித்தி கல்யாணம் என்று சொன்ன நாளிலிருந்து என் 8 வயது மகன் (ஏ.டி.எச்.டி. உண்டு, அதாவது கவனம் ஒரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பும் அவசரமும் அதிகமான தன்மை) தூங்காமல் "இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரிக்கிறான், என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்றுதான் சென்னை திரும்பினோம்.

முதலில் காலண்டர் யோசனை. 20 நாள் இருக்கும்போதே தினமும் ஒரு தாள் கிழிக்க ஆரம்பித்தோம். எடுபடவில்லை. ராத்திரி எழுந்து மறுநாள் தாளையும் கிழித்துவிட்டு அழுதான். காலண்டரைப் பரணில் போட்டு, 4 நாள் இருக்கும்போது மறுபடி மாட்டினோம். அப்போது சரியாக வந்தது.

உண்மையில் கைகொடுத்தது, "எதற்குப் பயம் என்று அவனையே கேளுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதியதுதான். மேளச் சத்தம்தான் காரணம் என்று நினைத்து நான் ஹெட்போன் வரை வாங்கிவிட்டேன். அவன் பயமோ, கன்னத்தைக் கிள்ளி "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்கும் உறவுக்காரர்கள்! தெரியாவிட்டால் சிரிப்பார்களாம். "தெரியலை, நீங்களே சொல்லுங்க" என்று சொல்லப் பழக்கினோம். நான்தான் பெரியப்பா வேஷம். நாலு ராத்திரி ஒத்திகை. மண்டபத்தில் 11 பேரிடம் சொன்னானாம், அவனே எண்ணி வைத்திருந்தான்.

எதிர்பாராதது ஒன்று. முகூர்த்தம் நல்லபடியாகப் போனது. திரும்பும்போது வைகை எக்ஸ்பிரஸில்தான் அழுகை. கல்யாணம் முடிந்த பிறகு என்ன என்று நாங்கள் சொல்லியே வைக்கவில்லை. ஹெட்போனுக்கு அப்போதுதான் வேலை வந்தது, திண்டுக்கல் தாண்டும்வரை.