தாராவி ஆய்வுக்குத் தமிழ் பேசும் மனநல மருத்துவர் தேவை

மும்பைத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை உளவியல் ஆய்வுக்காகத் தாராவித் தமிழ்ப் பெண்களிடம் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியலைக் கொடுத்து வருகிறேன். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் பதில்கள் பெரிதாக மாறவில்லை, நம்பகத்தன்மையில் குறையில்லை. ஏற்புடைமைதான், அதாவது வினாப்பட்டியல் உண்மையில் மனச்சோர்வைத்தான் அளக்கிறதா என்பதுதான், உறுத்துகிறது. தூக்கம் கெடுகிறதா என்றதற்கு ஓர் அக்கா, "தினமும்தான். விடியற்காலை நான்கு மணிக்குத்தானே குழாயில் தண்ணீர் வருகிறது!" என்றார். இரண்டு முறையும் அதே பதில், அதே 3. இது மனச்சோர்வா, தண்ணீர்ப் பிரச்சினையா? அவர்மீது தவறான முத்திரை விழக் கூடாது. மதிப்பெண்களைப் பார்க்காமல் தனியே நேர்காணல் செய்து கணிக்க, தமிழ் பேசும் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ வேண்டும். சயான், மாட்டுங்கா பக்கம் யாரையேனும் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி.