78 வயது அம்மாவுக்கு எந்த பேஸ்மேக்கர்: ஒரு லீடா, இரண்டு லீடா, லீட் இல்லாததா?

அல்சூர்வாசி (கேள்வி):
வணக்கம். பெங்களூரில் எங்களோடு வசிக்கும் அம்மாவுக்குக் கடந்த மாதம் இரண்டு முறை மயக்கம் வந்தது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 34 ஆக இறங்கியிருந்ததால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, முழுமையான ஹார்ட் பிளாக் (இதய மேலறையின் மின்தூண்டல் கீழறையை எட்டாத நிலை) என்றும் பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். எக்கோவில் இதயத்தின் இறைக்கும் திறன் 58 சதவீதம். ஒரு மருத்துவர் இந்த வயதுக்கு ஒற்றை லீட் (கருவியிலிருந்து இதயத்துக்குள் செல்லும் மின்கம்பி) போதும் என்கிறார். இன்னொருவர் இரண்டு லீட் உள்ளதைத்தான் வைக்கவேண்டும் என்கிறார். அமெரிக்காவிலிருக்கும் தங்கையோ லீடே இல்லாத கருவியைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறாள். விலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்கிறேன்: ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது இவற்றுள் எது நல்ல பலனைத் தந்திருக்கிறது?

பேஸிங் கிளினிக் (ஓய்வு):
பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவில் தொழில்நுட்பராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடிவைச் சொல்லவேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

உங்கள் அம்மாவின் நிலைக்கு மிக நெருக்கமான ஆய்வு, பிரிட்டனில் நடந்து 2005இல் வெளியான யுகேபேஸ். எழுபது வயதைத் தாண்டிய, கடுமையான ஹார்ட் பிளாக் உள்ள 2,021 பேரை அதில் சேர்த்தார்கள். ஆண்டொன்றுக்கு இறப்பு விகிதம், கீழறையில் மட்டும் பொருத்தும் ஒற்றை லீட் பிரிவில் 7.2 சதவீதம், மேலறையிலும் கீழறையிலும் பொருத்தும் இரட்டை லீட் பிரிவில் 7.4 சதவீதம், அதாவது ஆயுளைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. மாறாக, அறுவை சார்ந்த சிக்கல்கள் இரட்டை லீடில்தான் கூடுதல். ஒற்றை போதும் என்று சொன்ன மருத்துவர் இதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் உயிரோடிருப்பது ஒன்று, நலமாக இருப்பது வேறு. சைனஸ் கணு (இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் இயற்கையான இடம்) பழுதடைந்த 2,010 பேரைக் கொண்ட மோஸ்ட் ஆய்வில் (2002) எல்லோருக்கும் இரட்டை லீட் கருவியையே பொருத்தி, அது இயங்கும் முறையை மட்டும் மாற்றி அமைத்தார்கள். அதிலும் இறப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு தெரியவில்லை. இருப்பினும் மேலறையையும் கீழறையையும் இணைத்து இயக்கியவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கின்றி நடுங்குவது) குறைவாகவே வந்தது. கீழறையை மட்டும் இயக்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர், மேலறையும் கீழறையும் ஒத்திசையாமல் துடித்ததால் படபடப்பு, கழுத்துத் துடிப்பு, மூச்சுமுட்டல் ஆகியவற்றால் அவதிப்பட்டார்கள். அம்மாவின் மேலறை ஒழுங்காகத் துடிக்கிறது என்றால், நான் இரட்டை லீடின் பக்கமே சாய்வேன். நிரந்தர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் மேலறை லீடுக்கு வேலையே இல்லை. அப்போது ஒற்றையே சரி.

லீடுகளின் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்றைக் குடும்பத்தினர் கேட்பதே இல்லை என்பது என் ஆதங்கம். கீழறை லீடின் நுனி எங்கே பொருத்தப்படுகிறது, அது எத்தனை சதவீதத் துடிப்புகளைத் தூண்டவேண்டியிருக்கும்? முழுமையான ஹார்ட் பிளாக்கில் ஏறக்குறைய எல்லாத் துடிப்பும் கருவியிலிருந்தே வரும். வலது கீழறையின் முனையிலிருந்து காலமெல்லாம் தூண்டினால் இடது கீழறை தாமதித்துச் சுருங்குகிறது. சில ஆண்டுகளில் பத்தில் ஒருவருக்கு முதல் ஐந்தில் ஒருவருக்கு வரை இறைக்கும் திறன் குறைந்துபோவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ராமமூர்த்தி நகர்:
மேலே சொல்லப்பட்டது எனக்கு நடந்தது. ஹார்ட் பிளாக்குக்காக ஒற்றை லீட் வைத்து, சில ஆண்டுகள் எந்தக் குறையுமின்றி லால்பாக்கில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு மாடிப்படி ஏறினாலே இரைப்பு. வயதின் களைப்பு என்று நானும் வீட்டாரும் விட்டுவிட்டோம். எக்கோவில் திறன் 35 சதவீதத்திற்கு வந்திருந்தது. இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் கருவிக்கு மாற்றிய பின்னர் பெருமளவு மீண்டது. எனவே எந்தக் கருவியானாலும், பேட்டரியைச் சோதிக்கும் நாளில் எக்கோவையும் கேட்டுப் பெறுங்கள்.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் நுனியை வேறு இடத்தில் பொருத்த முடியுமா? தங்கை சொல்லும் லீட் இல்லாத கருவி இந்தச் சிக்கலைத் தவிர்க்குமா?

பேஸிங் கிளினிக் (ஓய்வு):
தவிர்க்காது என்பதே நேரான பதில். மைக்ரா போன்றவை தொடை இடுக்கின் சிரை வழியாக வலது கீழறைக்குள் செலுத்தப்படுகின்றன. மார்புத் தோலுக்கடியில் கருவியை வைக்கும் பை இல்லை, லீட் இல்லை. ஆகவே பையில் தொற்றும் லீட் முறிவும் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் முன்பு தொற்று வந்தவர்களுக்கும் அது வரம். ஆனால் தூண்டுவது வலது கீழறையைத்தான். அமெரிக்காவில் 2016இல்தான் மைக்ரா அனுமதி பெற்றது என்பதால், பதினைந்து, இருபது ஆண்டுப் பலன்களை இன்று யாரும் காட்ட முடியாது. பேட்டரி தீர்ந்தால் பழையதைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவிட்டு இன்னொன்றை வைப்பார்கள். 78 வயதில் இது பெரிய கவலை அல்ல, 40 வயதில் யோசிக்கவேண்டியது.

வேறு இடம் உண்டு. இதயத்தின் இயற்கையான மின்பாதையின் இடது கிளைக்கருகில், இடைச்சுவருக்குள் லீடைத் திருகிப் பொருத்தும் முறையைச் சீனாவில் 2017இல் முதன்முதலாக விவரித்தார்கள். கீழறைகள் ஏறத்தாழ இயல்பாகவே சுருங்குகின்றன. இதுவரையான பலன்கள் நம்பிக்கை தருகின்றன, நெடுங்காலப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இன்னும் நடந்துவருகின்றன. செய்பவரின் கைப்பழக்கம் இதில் மிகவும் முக்கியம். எனவே அந்த முறையைத் தாமே வழக்கமாகச் செய்கிறாரா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். இல்லை என்றால், வழக்கமான இரட்டை லீடை வைத்துக்கொண்டு, ஓராண்டுக்குள் ஒருமுறையும் பிறகு அவர் சொல்லும் இடைவெளியிலும் எக்கோ எடுத்தால் போதும். 58 சதவீதத் திறனோடு தொடங்குபவருக்கு முதல் நாளிலேயே இரு கீழறைக் கருவி தேவைப்படுவது அரிது.