பிறேக் கட்டைத் தேய்வு: ஒரு சொல் போதுமா?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி, பிறேக் கட்டைகள் (brake pads) ஒரே அளவில் தேயாமல் போவதற்குத் தமிழ்ச் சொல்லாக நீர் முன்வைத்த 'சமச்சீரற்ற தேய்மானம்' என்பதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மோட்டார் வேலை பழகும் பெடியங்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சிக்கல் தெரிகிறது.

எங்கள் வீட்டுக் கார் கிழமைக்கு நாலு நாள் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்குப் போய் வரும். இரண்டு பக்கமும் கடல்நீர், எந்நேரமும் உப்புக்காற்று. போன மாதம் முன் இடது சில்லில் (சக்கரத்தில்) கரகரவென்று சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கக் கட்டை பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, உள்பக்கக் கட்டை இரும்புத் தகடு தெரியத் தேய்ந்துவிட்டது. சரி என்று வலது சில்லையும் கழற்றினேன். அங்கேயும் அதே கதை. இடமும் வலமும் ஒரே மாதிரித் தேய்ந்திருப்பதைச் 'சமச்சீரற்ற' என்று எப்படிச் சொல்வது? அதனால் பொதுச்சொல்லுக்குச் 'சமனற்ற தேய்வு' போதும் என்பது என் எண்ணம். 'தேய்மானம்' தமிழ்நாட்டு வாசகருக்குக் கணக்கேட்டை நினைவூட்டும். சொத்தின் மதிப்புக் குறைவதை அங்கே அப்படிச் சொல்வார்கள், நாங்கள் அதைப் பெறுமானத்தேய்வு என்கிறோம். 'தேய்வு' இரண்டு கரையிலும் விளங்கும்.

ஆனால் பொதுச்சொல் கராச்சில் உதவாது. சோதனையில் ஒரு மாணவர் 'தேய்வு சமனற்றது' என்று மட்டும் எழுதிவிட்டு நின்றுவிட்டார். எது எதனோடு சமனில்லை என்று கேட்டால் பதில் இல்லை. பிழை அவருடையது இல்லை, நாங்கள் அவருக்குச் சொல் கொடுக்கவில்லை.

என் காரில் இருக்கிற வகைக் கலிப்பரில் (கட்டைகளைப் பிடித்து அழுத்தும் பகுதி) பிஸ்ரன் (எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் உருளை) உள்பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்கட்டையைச் சில்லோடு சுழலும் தட்டான டிஸ்க்கில் தள்ள, எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் அதைத் தாங்கும் கம்பிகளான ஸ்லைட் பின்களில் வழுக்கி வந்து வெளிக்கட்டையையும் இழுத்து அழுத்தும். இந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகினால் இந்த வழுக்கல் நின்றுவிடும், பிறகு உள்கட்டைதான் முழு வேலையும் செய்யும். நான் பின்களைத் துப்பரவாக்கி, றப்பர் உறைகளை மாற்றி, சிலிக்கோன் கிறீஸ் பூசினேன். சாதாரண கிறீஸ் றப்பரை ஊத வைக்கும், அதைப் பூசவே கூடாது. கட்டைகளை இரண்டு சில்லுக்கும் சேர்த்தே மாற்றினேன்.

இதை 'உட்கட்டைத் தேய்வு' என்று சொல்லலாம். 'இறுகல் தேய்வு' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் இறுகியது ஸ்லைட் பின்னா, திரும்பி வராத பிஸ்ரனா என்பது பிரித்துப் பார்த்த பிறகே தெரியும். கண்ணுக்கு முதலில் தெரிவதற்குப் பெயர் வைப்பதுதான் பழகுகிறவனுக்கு உதவும்.

ஒரு சில்லில் இரண்டு கட்டையும் தேய்ந்து மற்றச் சில்லில் அப்படியே இருந்தால் அது 'ஒருசில்லுத் தேய்வு'. அங்கே பிஸ்ரனோடு பிறேக் எண்ணெய் வரும் குழாயான ஹோஸையும் பார்க்க வேண்டும், உள்ளே அடைபட்டால் எண்ணெய் திரும்பி வராது. ஒரே கட்டை ஒரு முனை தடிப்பாகவும் மறு முனை மெல்லியதாகவும் தேய்வது மூன்றாவது வகை: கட்டையின் காது (ஓரத்தில் நீண்டிருக்கும் முனை) அதைத் தாங்கும் பிடிச்சட்டத்தில் சிக்கியிருக்கும், அல்லது ஸ்லைட் பின் தளர்ந்து கலிப்பர் கோணலாகப் பிடிக்கும். இதற்கு 'ஆப்புத் தேய்வு' என்று நினைத்தேன். விறகு பிளந்த எவருக்கும் ஆப்பின் வடிவம் தெரியும். 'சாய்தேய்வு' என்றாலும் பொருந்தும்.

கட்டைக்கு 'பாட்' (pad) என்ற ஆங்கிலச் சொல்லை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'பாட்டை', 'பாட்டில்' என்று ஆகிப் படிக்கிறவரைக் குழப்புகிறது. சைக்கிள் பிறேக்குக்குக் கட்டை என்றுதானே சொல்கிறோம், காருக்கும் அதுவே இருக்கட்டும்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் ஒரு கேள்வி. 'சில்லு' உங்களுக்கு வேறு பொருள் தரும் என்றால் 'ஒருசக்கரத் தேய்வு' என்று வைக்க எனக்குத் தடையில்லை. வேகம் மாறும் வீதத்தை (acceleration) ஆர்முடுகல் என்று நாங்களும் முடுக்கம் என்று நீங்களும் படித்து வளர்ந்தது போல இதுவும் இரண்டாகப் பிரிய வேண்டாம்.

தம்பி, வருகிற திங்கட்கிழமை இந்தப் பாடம் எடுக்க வேண்டும். ஆப்பா, சாய்வா என்று அதற்குள் உமது கருத்தை எழுதும். முடிவாகிற சொல்லையே பலகையில் எழுதுகிறேன்.